அப்பச்சிக்கு எழுதாத கடிதம்

காஜா பெராங், மலாக்கா
17.2.1957

மெய்யம்மைக்கு,

நான் நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். இந்த வரி இல்லாவிட்டால் அது கடிதமே இல்லை என்பார்கள் ஆத்தா. எழுதியாயிற்று. இனி விஷயம்.

முயல் வாங்கிவிட்டேன். மூன்று பெண், ஒரு ஆண். தெங்கேராவில் ஒரு சீனரிடம் கிடைத்தது. வெள்ளை உடம்பு, சிவப்புக் கண். கூண்டு நானே அடித்தேன். எங்கள் மின்சார இலாகாவில் கழித்துப்போட்ட மரப்பெட்டிகள், மேலே தகரம், அடியில் கம்பி வலை. புழுக்கை வலை வழியாகக் கீழே விழும். அதை அள்ளிப் பாத்தியில் போட்டால் கங்கோங் கீரை கொழுக்கும். கீரைத் தண்டும் சர்க்கரைவள்ளிக் கொடியும் திரும்ப முயலுக்கு. முயல் நமக்கு. எங்கும் எதுவும் வீணாகாத சுற்று இது. விவசாய இலாகாவின் கையேடு ஒன்றை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

கோழி பன்னிரண்டு இருக்கிறது. கிணறு வற்றுவதில்லை. கடையில் வாங்க வேண்டியது அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் மட்டும்தான். இரண்டு பேர் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கலாம். வீட்டின் வரைபடம் இதோடு வைத்திருக்கிறேன். சமையலறைக்குப் பக்கத்து மூலை காலி. அது உனக்கு. நீ செய்ய வேண்டிய வேலைகளைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அப்பச்சியிடம் கேட்டுவிட்டுக் கிளம்பி வா. என்னைப் பெற்றவர்தான், ஆனாலும் நான் எழுதினால் சரிவராது. வட்டிக் கடைக் கிட்டங்கியை விட்டு வெளியேறி டெக்னிக்கல் காலேஜில் சேர்ந்தபோது, "வட்டிக் கடையில் உட்கார என்னால் ஆகாது" என்று அவருக்கு ஒரு வரி எழுதினேன். ஐந்து வருஷமாகிறது, பதில் இல்லை. நம் கல்யாணத்தில்கூட எங்கள் இருவருக்கும் நடுவே ஆத்தாதான் பேச்சைச் சுமந்தார்கள். உனக்குத் தெரியும்.

சீக்கிரம் பதில் போடு.

அடைக்கப்பன்


உ
தேவகோட்டை
5.3.1957

அத்தானுக்கு மெய்யம்மை வணக்கமாக எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அயித்தைக்கு முழங்கால் வலி இருந்தபடியே இருக்கிறது.

வரைபடம் வந்தது. உங்கள் அண்ணன் மனைவி அலமேலு அக்கா என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, மொசலுக்கு மூணு அறை, ஒனக்கு ஒரு மூலதானா?" என்று கேட்டுவிட்டார்கள். வளவு முழுக்கச் சிரிப்பு. பின்பக்கத்தை நான் காட்டவில்லை. எனக்கு ஏழு வேலை எழுதியிருக்கிறீர்கள். முயலுக்கு ஒரே வேலை, தின்பது. அதுவாகப் பிறந்திருக்கலாம்.

கல்யாணமான மறு வருஷம் நம்மை வேறு வைத்தார்களே, நீங்கள் இங்கே இல்லாமலேதான். வீட்டின் இரண்டாம் கட்டில் தனி அடுப்பு, தனி உக்கிராணம், வருஷத்துக்கு அரிசி, பருப்பு, புளி. முறைப்படி நாம் தனிக் குடும்பம். எட்டு அடுப்பு எரிகிற வீட்டில் என் அடுப்பு மட்டும் ஒரு ஆளுக்கு எரிகிறது. எனக்கு இன்னும் ஒரு ஆளுக்கு வடிக்க வரவில்லை. தினமும் கை தவறி அரிசி கூடிவிடுகிறது. மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். காலையில் பழையது தின்று தின்று, இங்கேயும் எதுவும் வீணாகாத சுற்றுதான் நடக்கிறது.

நீங்கள் என்னோடு இருந்தது நாற்பது நாள். நான் எண்ணினேன். நீங்கள் எண்ணினீர்களா?

மாமாவிடம் என்னைக் கேட்கச் சொல்கிறீர்கள். "என்னை என் புருஷனிடம் அனுப்புங்கள்" என்று ஒரு மருமகள் போய் நிற்க முடியுமா? அப்படி நின்றவள் இந்த வளவில் பிறகு தலை நிமிர முடியுமா? நீங்கள் எழுதுங்கள். ஒரு கார்டு போதும். தபால்காரர் வரும் நேரத்துக்கு மாமா முகப்பில் வந்து உட்காருகிறார்கள். உங்கள் உறையைத் திருப்பி, யார் பேருக்கு என்று பார்க்கிறார்கள். பிறகு உள்ளே கொடுத்தனுப்புகிறார்கள். இது மாதா மாதம் நடக்கிறது.

முயல் கறிக்கு மிளகு தூக்கலாகப் போட வேண்டும். சின்ன வெங்காயம் உரிக்கச் சோம்பல்பட்டுப் பெரிய வெங்காயம் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மெய்யம்மை


காஜா பெராங்
12.5.1957

மெய்யம்மைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் தாமதம். காரணங்கள் கீழே.

ஒன்று. ஒரு பெண் முயல் செத்துவிட்டது. வெயில். நான் போட்ட தகரம் மத்தியானத்தில் அடுப்புக் கல் மாதிரி காய்ந்தது. பக்கத்து வீட்டில் மாக் பாக்கியம் என்று ஒரு அம்மாள். பாக்கியலட்சுமி முழுப்பெயர். இவர்கள் மலாக்காச் செட்டிகள். பல தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். நெற்றியில் விபூதி இருக்கும், பொங்கல் வைப்பார்கள், தமிழ் மட்டும் கிடையாது, வாய் திறந்தால் மலாய். கூண்டு அடித்த அன்றே வேலிக்கு மேல் தலை நீட்டி, "பனாஸ், பனாஸ்! அத்தாப் போடு" என்றாள். சூடு, கூரைக்கு ஓலை போடு என்று அர்த்தம். படித்தவனுக்கு இவள் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன். இப்போது ஓலைதான் போட்டிருக்கிறேன். நாலு டிகிரி குறைந்திருக்கிறது.

அவளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பினி மானா?" பெண்டாட்டி எங்கே. முதலில் "இந்தியாவில்" என்றேன். பிறகு "வருகிறாள்" என்றேன். இப்போது அவள் தலை தெரிந்தால் நான் கிணற்றுப் பக்கம் போய்விடுகிறேன்.

இரண்டு. ஒன்றை அறுத்துச் சமைத்தேன். இரண்டாம் தவணையாகத் தெங்கேராவில் வாங்கிய ஆண். கையேட்டில் அறுப்பதற்கு நாலு வரிதான் இருந்தது. எனக்கு அரை நாள் ஆயிற்று. மிளகு தூக்கல் என்றால் எத்தனை கரண்டி என்று நீ எழுதவில்லை. வாயில் வைக்க முடியவில்லை. பாத்திரத்தின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். இது என்ன முட்டாள்தனமான ஏற்பாடு, கறி இங்கே இருக்கிறது, சமைக்கத் தெரிந்தவள் அங்கே இருக்கிறாள் என்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

மூன்று. அப்பச்சிக்கு எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். "அப்பச்சி அவர்களுக்கு" வரை வருகிறது. அதற்கு மேல் வரவில்லை. பதினோராயிரம் வோல்ட் கம்பியில் கை வைக்கிறேன், பயமில்லை. இதில் வரவில்லை. நீ ஆத்தா மூலமாக ஒரு வார்த்தை போட்டுப் பார்.

இன்று காலை ஒரு பெண் முயலை ஆணோடு சேர்த்துவிட்டேன். குட்டி போட முப்பத்தோரு நாள். ஜூன் பன்னிரண்டு.

நாற்பது நாள் அல்ல. நான் வந்து இறங்கிய நாளைச் சேர்த்தால் நாற்பத்தொன்று.

அடைக்கப்பன்


காஜா பெராங்
9.6.1957

மெய்யம்மை,

சுருக்கமாக எழுதுகிறேன். சினையாக இருக்கும் முயலுக்குச் சொறி வந்திருக்கிறது. இரண்டு நாளாக வயிற்று முடியைத் தானே கடித்துப் பிடுங்குகிறது. வயிறு ரோஸ் நிறமாகத் தெரிகிறது. கொஞ்சம் வைக்கோல் போட்ட பெட்டி ஒன்று உள்ளே வைத்திருந்தேன். அது முழுக்க முடி. குட்டி போட மூன்று நாள்தான் இருக்கிறது, தொற்று வந்தால் எல்லாம் போகும். பெட்டியையே வெளியே எடுத்து, முடி, வைக்கோல் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டேன். கூண்டை டெட்டால் போட்டுக் கழுவியாயிற்று. வயிற்றில் கந்தகமும் தேங்காயெண்ணெயும் தடவினேன். மாக் பாக்கியம் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். நல்லதாயிற்று, இல்லையென்றால் இதற்கும் ஏதாவது சொல்வாள்.

ஆறு முதல் எட்டுக் குட்டி எதிர்பார்க்கிறேன். இவை பிழைத்தால் அப்பச்சிக்குக் காட்ட என்னிடம் ஒன்று இருக்கும். உங்கள் பிள்ளை வட்டி இல்லாமலும் குடும்பம் நடத்துவான் என்று. அப்போது எழுதுவது எளிது.

அடைக்கப்பன்


உ
தேவகோட்டை
16.6.1957

அத்தானுக்கு,

கடிதம் இப்போதுதான் வந்தது. தபால்காரரை நிறுத்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முடியை எடுத்திருக்கக் கூடாது. அது சொறி இல்லை.

மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வீட்டில் ஜெயா என்று ஒரு அக்கா வெள்ளை முயல் வளர்க்கிறார்கள். நீங்கள் முயல் முயல் என்று எழுதுகிறீர்களே, அது எப்படித்தான் இருக்கும், அதோடு நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று பார்க்க மூன்று தடவை அங்கே போயிருக்கிறேன். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத்தான். அந்த அக்கா காட்டினார்கள். குட்டி போடுமுன் தாய் தன் வயிற்று முடியைப் பிடுங்கி மெத்தை போடுமாம். குட்டிகள் மொட்டை உடம்போடு பிறக்குமாம். அந்த முடிதான் அதுகளுக்குப் போர்வை. அதைத் தொடவே கூடாது என்றார்கள்.

கொளுத்தியதற்குப் பதில் இலவம் பஞ்சு வையுங்கள். உடனே.

மெய்யம்மை


காஜா பெராங்
24.6.1957

அன்புள்ள மெய்யம்மை,

உன் கடிதம் இன்று வந்தது. குட்டிகள் பன்னிரண்டாம் தேதி காலை பிறந்தன. ஏழு. முந்தின நாளிலிருந்து மழை. வெறும் கம்பி வலை மேல் போட்டிருந்தது. நான் கீரைக்குப் போய்விட்டு ஏழு மணிக்குப் பார்த்தபோது ஐந்து அசையவில்லை. இரண்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் அதுவும் முடிந்தது.

தாய் என்ன செய்தது தெரியுமா? பிடுங்க முடி மிச்சமில்லாத இடத்தில் திரும்பத் திரும்ப வாயை வைத்தது. நான் தடவிய எண்ணெயைத்தான் நக்கிக்கொண்டிருந்தது.

மாக் பாக்கியம் திரும்பி வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. பழைய தலையணை ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

கையேட்டில் இது இருந்தது. பதினேழாம் பக்கம். நான் கூண்டு அளவுகளும் தீனியும் மட்டும் படித்துவிட்டு நடுவில் தாண்டியிருக்கிறேன். அவசரம். நான் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நாற்பத்தொரு நாளில் தெரிந்திருக்கும்.

பன்னிரண்டு நாளாக எழுதவில்லை. உனக்கு எழுத வேண்டும் என்றுதான் இருந்தது, வேறு யாருக்கும் இல்லை. ஆனால் உன்னிடம் சொல்வது போல் மனதுக்குள் பேசிப் பார்த்தால், நீ பதில் சொல்வது கேட்கவில்லை. உன் குரல் எனக்கு மறந்துவிட்டது. முகம் இருக்கிறது, கல்யாணப் படம் இருக்கிறது. குரல் இல்லை. நீ எழுதுவதெல்லாம் எனக்கு என் குரலிலேயே கேட்கிறது. அது சரியில்லை.

நீ மூன்று தடவை முயல் பார்க்கப் போனதை இன்று எத்தனை முறை படித்தேன் என்று எழுத மாட்டேன்.

ஒரு வழி தோன்றுகிறது. மீனாட்சிசுந்தரம் அம்மான் குடும்பத்தோடு அக்டோபரில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறார். அவர்களோடு வந்துவிடு. அம்மானையே அப்பச்சியிடம் பேசச் சொல்லி எழுதுகிறேன். யாருக்கும் சங்கடம் இல்லை.

அடைக்கப்பன்


உ
தேவகோட்டை
8.7.1957

அன்புள்ள அத்தானுக்கு மெய்யம்மை எழுதுவது.

நேற்று மாமாவுக்குச் சாப்பாடு போடும் முறை எனக்கு. அயித்தைக்கு எழுந்திருக்க முடியவில்லை. பாதிச் சாப்பாட்டில் தலை நிமிராமல் கேட்டார்கள்.

"என்னாத்தா எழுதியிருக்கான்?"

"மொசலைப் பத்தி, மாமா."

"குட்டி போட்டுச்சா?"

"ஏழு போட்டுச்சு. தங்கல."

"ஏன்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகாததையும். கையிலிருந்த சோறு அப்படியே இருந்தது. பிறகு, "வேலைக்குப் போகலையாமா?" என்றார்கள். "போகலையாம்." "அம்புட்டு தூரம் போயி மொசல் குட்டிய மடியில கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கான்" என்று இலையைப் பார்த்துச் சொன்னார்கள். கோபமா என்னவென்று எனக்குப் புரியவில்லை. மோர் ஊற்றும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. "மீனாட்சிசுந்தரம் வந்துட்டுப் போனாக. அவுககிட்டச் சொல்லிட்டேன். எம் மகன் பொண்டாட்டிய அடுத்தவன் கூட்டிக்கிட்டுப் போறது கெடையாது. வேணுங்கிறவன் வந்து நின்னு கேக்கட்டும். கடுதாசில வேண்டாம்."

கதவுக்குப் பின்னால் நின்ற அலமேலு அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அத்தான், மாமா அப்படிச் சொன்னதற்காக நான் இதை எழுதவில்லை. அவர்கள் சரி என்று சொல்லியிருந்தாலும் நான் அம்மானோடு வந்திருக்க மாட்டேன். அவர்கள் மூட்டை, அவர்கள் தகரப்பெட்டி, அவர்கள் ஊறுகாய் ஜாடி, அதோடு நான் ஒருத்தி. துறைமுகத்தில் நீங்கள் வந்து எண்ணி எடுத்துக்கொள்வீர்கள். எனக்கு வேண்டாம்.

இத்தனை கடிதத்தில் நான் வந்தால் என்ன வேலை செய்வேன் என்று எழுதினீர்கள். போன கடிதத்தில்தான் முதல் தடவையாக நான் இல்லாதது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று எழுதினீர்கள். அதை மட்டும் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். மற்றவை பெட்டியில் கிடக்கின்றன.

குரல் மறந்துவிட்டது என்றால் நான் என்ன செய்ய முடியும்? தபாலில் குரல் அனுப்ப உங்கள் இலாகாவிலாவது வழியிருக்கிறதா?

வந்து கூப்பிடுங்கள். அதுவரை நான் எழுதப் போவதில்லை. இது கோபம் இல்லை. எழுதிக்கொண்டே இருந்தால் நம் இருவருக்கும் இதுவே போதும் என்று ஆகிவிடும். எனக்குப் போதாது.

கரண்டிக் கணக்கு கேட்டீர்கள். ஒரு முயலுக்கு மூன்று கரண்டி மிளகு. பொடிப் பொடியாக இல்லாமல் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட வேண்டும்.

இப்படிக்கு,
மெய்யம்மை


காஜா பெராங்
1.9.1957

அன்புள்ள மெய்யம்மை,

நீ எழுத மாட்டேன் என்றாய். நான் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

நேற்று மலாயாவுக்குச் சுதந்திரம். ஊர் முழுக்க விளக்கு. பதினெட்டு நாளாக நாங்கள் கம்பி இழுத்தோம். ஆற்றுப் பாலம், கடைத்தெரு, துக்காங் எமாஸ் தெருக் கோயில் வாசல், பக்கத்திலேயே பள்ளிவாசல், எல்லாம் ஒரே சரமாக. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அந்தப் பகுதியின் சுவிட்சைப் போட்டவன் நான். ஜனங்கள் "ஓ" என்று கத்தினார்கள். எல்லோரும் பக்கத்தில் யாரையாவது திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையையோ, பெண்டாட்டியையோ. நானும் திரும்பினேன். மீட்டர் பெட்டி இருந்தது.

பிரஜா உரிமை விண்ணப்பப் பாரத்தை வாங்கி வைத்திருக்கிறேன். மனைவி பெயர் எழுதும் இடத்தில் எழுதிவிட்டேன். மனைவி இருக்கும் இடம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

அதே முயல் திரும்பக் குட்டி போட்டிருக்கிறது. ஐந்து. முடியைத் தொடவில்லை. எட்டடி தள்ளியே நிற்கிறேன். எல்லாம் பிழைத்துவிட்டன. இதை எழுத எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஜனவரியில் எனக்கு மேல்நிலைப் பரீட்சை இருக்கிறது. அதில் தேறினால் போர்மன். அதற்கப்புறம் லீவு கேட்பது எளிது. அது முடிந்ததும் வருவது பற்றி யோசிக்கிறேன்.

அடைக்கப்பன்


காஜா பெராங்
27.10.1957

மெய்யம்மை,

நான் எழுதி எட்டு வாரம். ஒரு வரிகூட இல்லை.

நீ சொன்னால் சொன்னபடி செய்கிறவள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று கரண்டி மிளகு போட்டு, தட்டிப் போட்டு, சமைத்தேன். சரியாக வந்தது. மாக் பாக்கியத்துக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். ருசி பார்த்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ கேட்டாள். அதே கேள்விதான் என்று கிணற்றுப் பக்கம் திரும்பினேன். அதுவல்ல. "நீ ஏன் போகவில்லை?" என்று கேட்டாள்.

பரீட்சை இருக்கிறது என்றேன். மலாயில் சொல்லும்போது அது ரொம்பச் சின்ன வாக்கியமாக இருந்தது.

அடைக்கப்பன்


காஜா பெராங்
2.12.1957

என் மெய்யம்மைக்கு,

பதில் எழுதாதே. எழுதினால் வாங்க இங்கே ஆள் இருக்காது.

சம்பளமில்லாத லீவு மூன்று மாதம் எடுத்துவிட்டேன். பரீட்சைக்கு உட்காரப் போவதில்லை. அடுத்தது இரண்டு வருஷம் கழித்துத்தான். என் மேலாள் தேவதாஸ் தாளைப் படித்துவிட்டு, "கல்யாணம் ஆயி ரெண்டு வருசம் ஆச்சுல்ல, இப்ப என்னாத்துக்கு லீவு லா?" என்றார். பெண்டாட்டியைக் கூட்டி வர என்றேன். "அத அப்பவே கேட்டிருக்கலாம்ல? கல்யாண லீவுலயே சேத்துக் கொடுத்திருப்பேன்." தாளை அவர் பக்கம் தள்ளினேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "எனக்கு ஒன்னைய மாதிரி நாலு பேரு இருந்தா ஊரே இருட்டாத்தான் கெடக்கும்" என்றார்.

முயல்கள் இப்போது பெரிதும் சிறிதுமாகப் பத்தொன்பது. மாக் பாக்கியத்திடம் கொடுத்துவிட்டேன். பார்த்துக்கொள் என்று அல்ல, வைத்துக்கொள் என்று. கூண்டுகளையும் அவள் பக்கம் தூக்கி வைத்தாயிற்று. ஒன்றையாவது வைத்துக்கொள்ளேன், உன் பெண்டாட்டி வந்து பார்க்க வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இருந்தால் நான் அங்கேயிருந்து சீக்கிரம் திரும்பக் காரணம் தேடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

பின்கொல்லை இப்போது சும்மா கிடக்கிறது. அதில் என்ன செய்வது என்று நீ வந்து சொல். ஒன்றும் வேண்டாம் என்றாலும் சரி. கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

நாளை மறுநாள் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல். ஆறு நாளில் நாகப்பட்டினம். இந்தக் கடிதம் முந்துமா, நான் முந்துவேனா தெரியாது. கடிதம் முந்தினால் மாமாவிடம், அதுதான் அப்பச்சியிடம், ஒன்றும் சொல்ல வேண்டாம். ஆத்தாவிடமும் வேண்டாம். அவர்கள் இந்தத் தடவை நடுவில் வர வேண்டியதில்லை.

என்ன சொல்வது என்று நான் தயாரிக்கவில்லை. ஐந்து வருஷமாகத் தயாரித்ததில் ஒரு வரி தேறவில்லை. முகப்பில் அவர் நாற்காலி எங்கே இருக்கும் என்று தெரியும். அதன் முன்னால் போய் நிற்பேன். கிட்டங்கியை விட்டதற்கு அன்று எழுதின மாதிரி எழுதியிருக்கக் கூடாது என்று முதலில் சொல்வேன். விட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். பிறகு உன்னைக் கேட்பேன். அவர் மாட்டேன் என்றால் மறுநாளும் அதே இடத்தில் நின்று கேட்பேன். மூன்று மாதம் இருக்கிறது.

நீ அப்போது வெளியே வர வேண்டாம். வளவில் எல்லாரும் பார்ப்பார்கள், உனக்குக் கூச்சமாக இருக்கும். இரண்டாம் கட்டில் உன் அடுப்புப் பக்கமே இரு. முகப்பில் பேசுவது அங்கே கேட்காது என்று எனக்குத் தெரியும்.

நான் சத்தமாகக் கேட்பேன்.

உன்
அடைக்கப்பன்